98 × 97-க்குப் பின்னால்

பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பரதநாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே இப்போது வேத கணிதமும் இடம்பிடித்துவிட்டது. "98 × 97?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 9506 என்கிறது. அரங்கம் கைதட்டுகிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யும் காலம் மலையேறிவிட்டது, பிள்ளைகளுக்குக் கணக்குப் பயம் போய்விட்டது என்கிறார்கள் ஆதரிப்போர்.

பயம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். எண்களோடு விளையாடும் ஆசையும் சிலருக்கு வருகிறது. பெயரைப் பற்றியும் சண்டையில்லை. வேத கணிதத்தை அறிமுகப்படுத்திய பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூல் அவர் மறைந்தபின் 1965-ல் வெளிவந்தது. அதன் 16 சூத்திரங்கள் நமக்குக் கிடைத்துள்ள வேத நூல்களில் இல்லை. அது போகட்டும்.

மனப்பாடம் ஒழிந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி வேத கணிதம் கற்கிறாள். நூற்றுக்கு 98-ல் 2 குறைவு, 97-ல் 3 குறைவு. 98-ல் 3 போனால் 95. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் 06. ஒட்டினால் விடை. "ஏன் ஒட்டுற?" என்றேன். "மிஸ் அப்படித்தான் போடச் சொன்னாங்க மாமா" என்றாள். 63 × 48 கொடுத்தேன். 37, 52 என்று குறைவுகளை எழுதினாள், 63-ல் 52 போக 11 என்றாள், 37 × 52 வந்ததும் பென்சிலை வைத்துவிட்டாள். அந்த 11 உண்மையில் பதினொரு நூறு. அதனோடு 1924-ஐக் கூட்டினால் 3024. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மனப்பாடத்துக்கும் ஒரு காலத்தில் பயன் இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொன்ன பையனுக்கு மா என்றால் 1/20, முந்திரி என்றால் 1/320. நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் அவை வேண்டியிருந்தன. இந்த மேடைப் பிள்ளையின் வேகம் மேடையைவிட்டு இறங்கினால் எதற்கு? கைப்பேசி அதைவிட வேகமாகப் பெருக்குகிறது. குழந்தையின் சிந்தனையே கணிதமயமாக வேண்டும் என்றது, 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக ரா. ராமானுஜம் தலைமையில் கூடிய கணிதக் குழு. அதற்குப் பிறகும் குறுக்குவழியைத்தான் கொண்டாடுகிறோம்.

அன்று நானும் அந்தச் சிறுமியும் 98 × 97-க்காகக் கட்டம் போட்ட தாளில் நூறுக்கு நூறு சதுரம் வரைந்தோம். மேலே 2 வரிசை அடித்தோம், ஓரத்தில் 3 வரிசை அடித்தோம். பத்தாயிரத்தில் 200-உம் 300-உம் போக 9500. மூலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்: "மாமா, இந்த ஆறு கட்டத்தை ரெண்டு தடவை கழிச்சிட்டோம்!"