பேய் வழிபாடு: ஒரு கலைச்சொல்லின் தொன்மையும் சேலத்து முனியப்பனும்

நாட்டார் தெய்வங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ‘பேய் வழிபாடு’ என்னும் இயல்தலைப்பு இன்றும் தடையின்றிப் பயின்று வருகிறது. தம்மம்பட்டி, ஆத்தூர் வட்டாரங்களின் முனியப்பனும் கருப்பண்ணனும் இத்தலைப்பின்கீழ் அடைக்கப்பெறுவது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. இச்சொல் தமிழ் மண்ணில் தோன்றிய வகைப்பாடு அன்று.

கிரேக்கத்தில் ‘தைமோன்’ என்பது தெய்வத்துக்கும் மனிதர்க்கும் இடைப்பட்ட ஆற்றலைக் குறித்தது. அதில் இழிவு இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எபிரேய மறை கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது நிலை மாறியது. பிற இனத்தார் தெய்வங்களைப் ‘பயனற்றவை’ எனச் சுட்டிய 96ஆம் சங்கீதத்து எபிரேயச் சொல்லுக்கு அவர்கள் ‘தைமோன்’ வழிப்பட்ட சொல்லையே இட்டனர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பிறர் படைக்கும் பலி பேய்களுக்கே உரியது என்றார். தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதலில் எபிரேய மூலத்தைத் தழுவிய சங்கீதத்தில் ‘விக்கிரகம்’ என்றும், பவுலின் மடலில் ‘பேய்’ என்றும் அமைந்திருப்பது இம்மாற்றத்தைத் துலக்கமாகக் காட்டுகிறது. பிறர் தெய்வம் பேயாதல் யூத, கிறித்தவ மரபுக்கு மட்டும் உரியதன்று. வேதத்தில் போற்றப்படும் ‘தேவர்’ அவெத்தாவில் தீய ‘தயேவர்’ ஆயினர்.

இக்கருத்தைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவருள் கால்டுவெல் முதன்மையானவர். 1849இல் வெளிவந்த திருநெல்வேலிச் சாணார் பற்றிய அவரது நூல் (பின்னாளில் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது) தென்பாண்டிச் சாமியாட்டத்தைப் பேய் வழிபாடாக வரைந்தது. 1856இல் ஒப்பிலக்கணப் பின்னிணைப்பில் அதனைச் சைபீரியச் சாமனியத்தோடு ஒப்பிட்டுத் திராவிடரின் ஆதிச் சமயமாகவே உயர்த்தினார். அவர் கண்டவற்றைக் கூர்ந்து எழுதினார் என்பதை மறுப்பதற்கில்லை. இடர்ப்பாடு அவர் இட்ட பெயரில் உள்ளது. அவருக்கு முன்பே, 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறைவுசெய்த தெய்வ மரபு நூல், கிராம தேவதைகளைப் பேய்களிடமிருந்து ஊரைக் காப்போர் என்றே பதிவு செய்திருக்கிறது. காப்பவரையும் காக்கப்படுவதற்குக் காரணமானதையும் ஒன்றாக்கியது பின்வந்த நூற்றாண்டின் பிழை.

தமிழ் இலக்கியத்திலும் இவ்வேறுபாடு உண்டு. புறப்பாடல்களில் பேய்மகளிர் போர்க்களத்தில் நிணம் உண்பர். ஊரார் பரவும் இடம் நடுகல். சிலம்பில் பலி பெறும் நாளங்காடிப் பூதம் காவற்பூதம். சதுக்கப்பூதமோ குற்றவாளியைத் தண்டிக்கும் நீதித்தெய்வம். ‘பேய்’ என்பதும் எப்போதும் வசைச்சொல் அன்று. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே அழைத்துக்கொண்டார். ஆழ்வாருள் ஒருவருக்கு அதுவே பெயர். எனினும் உள்ளூர் மரபு மாசற்றது என்று கொள்ளுதலும் தவறு. ‘சிறுதெய்வம்’ என ஒதுக்கும் குரல் அப்பர் தேவாரத்திலேயே கேட்கிறது. மிஷனரியார் விதைத்த நிலம் தரிசாக இருந்ததில்லை.

சேலம் பெரியேரியின் தலைவெட்டி முனியப்பன் இங்குத் தனியே கருதத்தக்கவர். தொல்லியல் வல்லுநர் குழு அச்சிலையில் புத்தருக்குரிய இலக்கணங்களைக் கண்டதை ஏற்று, 2022 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே எனத் தீர்ப்பளித்தது. இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விட்டுப் பூசையையும் விலக்கியது. ‘முனி’ என்னும் பெயரைச் ‘சாக்கியமுனி’யோடு இணைப்போர் உளர், ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவுகட்டல் இயலாது. உறுதியானது வேறு. கைவிடப்பட்ட பிற சமயத் திருவுருவை இவ்வூரார் பேயாக்கவில்லை; தலை துண்டாகிக் கிடந்ததைப் பொருத்திக் காவல் தெய்வமாக்கினர். கிரேக்கப் பெயர்ப்பாளர் செய்ததற்கு இது நேர் எதிரானது. புத்தரை மீட்ட தீர்ப்பு வரலாற்றுக்கு நீதி செய்தது. முனியப்பனாக வணங்கப்பட்ட காலமும் அச்சிலையின் வரலாறே என்பது பதிவாக வேண்டும்.

தம்மம்பட்டியில் மரச்சிற்பிகளின் ஒரே உளி தெய்வத் திருமேனியையும் யாளியையும் செதுக்குகிறது. அவ்வூர் வயல்வரப்பில் நிற்கும் முனியைப் பற்றிக் களஆய்வு செய்வோர், வினாநிரலில் ‘பேய்’ என்னும் கட்டத்தை முன்கூட்டியே அச்சிடாமல், வணங்குவோர் வழங்கும் சொல்லையே முதலில் குறித்துக்கொள்ளட்டும்.