சணலின் பின்புறம்

மிருணாளினி முகர்ஜியின் சணல் சிற்பங்களை நான் நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்கள்தான். இதை முதலிலேயே சொல்லியாகவேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரிடம் அவற்றைத் 'தேர்ந்த கைவேலை' என்று ஒதுக்கியதும் இந்தப் புகைப்படங்களை வைத்துத்தான்.

முகர்ஜி (1949–2015) பரோடாவில் ஓவியம் படித்தவர், சுவரோவியம் கே. ஜி. சுப்ரமணியனிடம். சாயமேற்றிய சணலைத் தறியில்லாமல், கையால் முடிச்சிட்டே ஆளுயர உருவங்களை எழுப்பினார். 1984இல் செய்த 'யக்ஷி'யின் படத்தில் மடிப்புகள் தெரிகின்றன. உடம்பா, பூவிதழா, திரைச்சீலையா என்று பார்வை தடுமாறுகிறது. எப்படி நிற்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. பின்புறமும் தெரியவில்லை.

அதற்காகத்தான் சணல் வாங்கினேன். வவுச்சர் கட்டுகளைக் கட்டிப் பழகிய விரல்கள் என்ற மிதப்பு வேறு. முதல் ஒரு சாண் கோரைப்பாய் மாதிரித் தட்டையாக வந்தது. எல்லா முடிச்சும் ஒரே இறுக்கத்தில் விழும்வரை அது வெறும் துணி. புடைப்பு வேண்டுமென்றால் நடுவில் புது இழைகளைச் சேர்க்கவேண்டும். ஒடுங்கவேண்டுமென்றால் சிலவற்றைக் கைவிடவேண்டும். கைவிட்ட இழை எங்கும் போய்விடுவதில்லை. பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். நாலு வரிசை கழித்து அங்கே உருவம் கோணும்போதுதான் தப்பு எந்த முடிச்சில் என்று தெரியும். அதுவரை அத்தனையையும் பிரிக்கவேண்டும்.

மூன்றாவது வாரம் குடம்போல ஒன்று தேறியது. நிறுத்தினேன், நனைந்த கோணியாகச் சரிந்தது. உள்ளே கம்பிச் சட்டம் வைத்தேன். நின்றது, சட்டத்தின் மேல் போர்த்திய துணியாக. மறுபடி 'யக்ஷி'யின் படத்தை எடுத்துப் பார்த்தேன். எடையை எதிர்த்து நிற்கும் பாவனையே அதில் இல்லை. சணல் தன் கனத்தால் எங்கே தொய்கிறதோ அங்கேதான் மடிப்பு. அந்தத் தொய்வுதான் உருவம். அலங்காரம் என்று நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். 'கைவேலை' என்ற சொல், ஒவ்வொரு முடிச்சிலும் இருந்த தீர்மானத்தைப் பார்க்காமல் தப்பிக்க எனக்கு உதவியது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தலைப்புகளில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. 'தேவி', 'யக்ஷி' என்று பெயரிட்டதும் புராணம் முந்திக்கொண்டு பார்ப்பவனின் வேலையை முடித்துவிடுகிறது. 1990களில் அவர் சுடுமண்ணுக்கும், பிறகு வெண்கலத்துக்கும் போனார். அவை இறுகியபின் தாமே நிற்கும் பொருள்கள். நிற்பதே சந்தேகமாக இருந்த சணலின் பதற்றம் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கங்களில் வரும் கவிதைகளில் பலவும் முன்புறம் மட்டுமே உள்ளவை. என்னுடையவையும்தான்.

நான் முடைந்ததில் வீட்டில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள்.