எலிசபெத் ராபின்ஸ்: நடிகை எழுதிய நாடகங்கள்

எலிசபெத் ராபின்ஸ் (1862–1952) அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்து, லண்டன் மேடையில் புகழ்பெற்ற நடிகை, நாடகாசிரியர், நாவலாசிரியர். சி. ஈ. ரைமண்ட் என்ற புனைபெயரிலும் எழுதினார். கணவர் இறந்த மறு ஆண்டு, 1888-இல், லண்டன் சென்றார்.

அக்கால லண்டன் அரங்குகள் பெரும்பாலும் நடிகர்களே நடத்தியவை. கதாநாயகனுக்கு அனுசரணையாக நிற்கும் வேடங்களே பெண்களுக்கு மிஞ்சின. ராபின்ஸும் தோழி மேரியன் லீயும் எவர் அழைப்புக்கும் காத்திராமல், 1891-இல் இப்சனின் 'ஹெட்டா கேப்ளர்' நாடகத்தைத் தாங்களே மேடையேற்றினர். ஹெட்டாவாக நடித்தவர் ராபின்ஸ்.

1893-இல் ஃபுளோரன்ஸ் பெல்லுடன் சேர்ந்து எழுதிய 'ஆலன்ஸ் வைஃப்' ஆசிரியர் பெயரின்றியே அரங்கேறியது. ஆலை விபத்தில் கணவனை இழந்தவள், உடற்குறையுடன் பிறந்த குழந்தையைத் தன் கையால் கொல்கிறாள். கேள்விகள் எழும்போது அவள் வாய் திறப்பதில்லை. பேசாத அந்தச் சொற்கள் பிரதியில் மட்டும் அச்சாகியுள்ளன. அவற்றை முகத்தாலேயே காட்ட வேண்டும். மேடையேறிப் பழகியவருக்கே தோன்றக்கூடிய உத்தி இது. அந்த வேடத்தையும் அவரே ஏற்றார்.

அவரது முக்கிய நாடகம் 1907-இல் கோர்ட் அரங்கில் கிரான்வில் பார்க்கர் இயக்கிய 'வோட்ஸ் ஃபார் விமன்!'. 'நாடக வடிவிலான துண்டுப் பிரசுரம்' என்று ஆசிரியரே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார். பிரசாரம் என்று குறைகூற வருபவருக்கு அதன்பின் வேலை இல்லை! டிரஃபால்கர் சதுக்கப் பொதுக்கூட்டமாக அமைந்த இரண்டாம் அங்கமே நாடகத்தின் உயிர். பேச்சாளர், கேலி செய்வோர், கூட்டத்தின் குறுக்குக் கேள்விகள் எல்லாம் தெருவிலிருந்து நேராக வந்தவை போல ஒலிக்கின்றன.

மூன்றாம் அங்கம் அந்த அளவுக்கு நிற்கவில்லை. நாயகி வைடா லெவரிங்கை முன்பு கைவிட்ட காதலனே இன்று அரசியல்வாதி. 'ஏமாற்றப்பட்ட பெண்' கதை அந்நாளில் புளித்துப்போன ஒன்று. அத்தகைய பெண் முடிவில் சாவாள், அல்லது திருமணத்துக்குக் கெஞ்சுவாள். வைடா இரண்டும் செய்யவில்லை. தன் கடனுக்கு ஈடாகப் பெண்களின் வாக்குரிமைக்கு அவனது ஆதரவைக் கேட்டுப் பெறுகிறாள். திருப்பம் புதியது. ஆனால் அவனை வென்றது சதுக்கத்தில் கேட்ட வாதமா, பழைய குற்றவுணர்வா? குற்றவுணர்வே என்றால், இரண்டாம் அங்கத்தின் பேச்செல்லாம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. நாடகம் இதற்கு விடை தரவில்லை.

அதே ஆண்டு இக்கதையை 'தி கன்வர்ட்' என்ற நாவலாக விரித்தார். 1908-இல் தொடங்கிய பெண் எழுத்தாளர் வாக்குரிமைச் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே. நடிப்பைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அறிய, 1928-இல் வெளிவந்த 'இப்சன் அண்டு தி ஆக்ட்ரஸ்' என்ற சிறு நூலை மாணவர்கள் படிக்கலாம்.