அருளா, உழைப்பா?

வீணை தனம்மாளைப் (1867–1938) பற்றி எழுதுவோர் பலர், ‘கலைவாணியின் அருள்’ என்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நாம் கேட்கிறோம்: ஆசான்கள் இருக்கையில் அருள் எதற்கு? தஞ்சை அரசவைக் கலைஞர் பாப்பம்மாளின் வழிவந்த குடும்பம் அது. பாட்டி காமாட்சியம்மாள் ஆடற்கலையில் வல்லவர். பார்வையற்ற பாலகிருஷ்ணதாசரிடம் பதங்களைப் பாடம் கேட்டார் தனம்மாள். விரல்களில் எதையும் மாட்டாமல் வெறும் விரலாலேயே மீட்டுவார். கூடவே மெல்லப் பாடுவார். பயிற்சியன்றோ அது!

சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குப் பெரும் வித்துவான்களே வந்து அமர்ந்தனர். விந்தை பாரீர்! வீணையைப் போற்றிய சமுதாயம், மீட்டியவர் பிறந்த குலத்துக்குத் ‘தாசி’ என்று பெயர் சூட்டிற்று. பொட்டுக் கட்டிய பெண் ஆண்டவனுக்கு மனைவியாம். அனுபவித்தவரோ மிட்டாதாரும் மிராசுதாரும்! அக்குலத்திலே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே அவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1947இல் தடைச்சட்டம் வந்தது. தனம்மாள் அதைக் காணவில்லை. பெயர்த்தி பாலசரசுவதிக்கு 1973இல் ‘சங்கீத கலாநிதி’ விருது கிடைத்தது. பாட்டியின் விரலைப் பக்கம் பக்கமாய்ப் புகழும் ஏடுகள், அக்குலத்துப் பெண்கள் பட்ட இழிவை ஒரே வரியில் கடந்துவிடுவது ஏன்?