பனி ஊரில் வார்னிஷ்

நுவரெலியாவில் எண்ணெய்ச் சாயத்தில் படம் தீட்டுகிறவர், வார்னிஷ் பூச வேண்டுமென்றால் மழை விடும்வரை பொறுக்க வேண்டும். 1,868 மீட்டர் உயரத்து ஊர். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அறைக்குள் வந்துவிடும். குங்கிலியத்தை டர்பன்டைனில் கரைத்துச் செய்த வார்னிஷ் காயும்போது காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், படத்தின் மேல் நீலம் கலந்த வெண்மை பூத்துவிடும். கருங்கூந்தல் தீட்டிய இடத்தில் அது பூத்தால் பார்க்கச் சகிக்காது.

இத்தனை தொல்லை எதற்கு, பூசாமலே விட்டால் என்ன? பூச வேண்டும் என்பதே என் கட்சி. தேயிலை மலையின் நிழல் பக்கத்தை அம்பர் என்ற பழுப்புச் சாயம் குழைத்துத் தீட்டியவர்களுக்குத் தெரியும்: ஈரத்தில் ஆழமாகத் தெரிந்த பள்ளத்தாக்கு காய்ந்ததும் வெளிறித் தட்டையாகிவிடும். மேற்பரப்பின் நுண்ணிய கரடுமுரடை வார்னிஷ் நிரப்ப, ஒளி சிதறாமல் உள்ளே இறங்குகிறது. ஆற்றில் நனைத்தெடுத்த கூழாங்கல்லைப் போல நிறம் திரும்பி வருகிறது. தூசியும் புகையும் சாயத்தில் படியாமல் வார்னிஷில் படியும். பிற்காலத்தில் அதைக் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' உண்மையில் பகல் காட்சி. பழுப்பேறிய வார்னிஷும் அழுக்கும் வாங்கித் தந்த பெயர் அது.

இந்த ஊரின் ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975). தோட்டத் துரைமாருக்கும் தோட்டப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக அவர் குடும்பம் இங்கே ஓர் இல்லம் நடத்தியது. அவர் பயின்ற லண்டன் ரோயல் அகடமியில், கண்காட்சி திறக்குமுன் ஓவியர்கள் கடைசிக் கைவேலை செய்ய 'வார்னிஷ் நாள்' என்றே ஒதுக்கியிருந்தார்கள். 1832இல் பக்கத்தில் தொங்கிய கான்ஸ்டபிள் படத்தின் எடுப்பைப் பார்த்த டர்னர், தன் சாம்பல் கடலில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனது அப்படியொரு நாளில்தான். குசும்புக்காரர்.

கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் 1928 முதல் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் கிறிஸ்துவைச் சுற்றி நம் நாட்டு முகங்கள். ஆனால் வார்னிஷ் பூசி அத்தனை பெரிய சுவர் மினுங்கினால் பக்கவாட்டில் நிற்பவருக்கு முகம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். சுவருக்கு மினுக்கம் ஆகாது.

ஓவியர் பிசாரோ, வார்னிஷ் பூசாதீர்கள் என்று படத்தின் பின்புறத்தில் எழுதியே வைத்தார். அவர் தேடியது மெத்தென்ற வெளிச்சம். பிதுருதலாகல மலையில் இறங்கும் பனியைத் தீட்டுகிறவரும் அவர் பக்கம் சேரலாம். பளபளக்கிற பனி பொய். அவருக்கு மெழுகு கலந்த மங்கல் வார்னிஷ் போதும்.

எண்ணெய்ச் சாயம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. தடித்த பூச்சென்றால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்களுக்காக மார்ச்சில் தீட்டி மார்ச்சிலேயே வார்னிஷ் அடித்தால், அடியில் சாயம் இன்னும் அசைந்துகொண்டிருக்க, மேலே வெடிப்பு விடும். வெறும் படமாகவே விற்றுவிட்டு, "அடுத்த சீசனுக்கு வரும்போது எடுத்து வாங்க, பூசித் தாரேன்" என்று சொல்லியனுப்பலாம்.