ஆன்ஸி ஏரி

மலையூரில் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பும் எழுத்தாளனை நம்பக்கூடாது. நானும் ஒரு நாவலில் கோடைக்கானலைப் பத்துப் பக்கம் வர்ணித்துத் தள்ளியவன்தான். வாசகர்கள் பாராட்டியதும் அந்தப் பக்கங்களைத்தான்! ஓவியர் செஸானின் ‘ஆன்ஸி ஏரி’யைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாராட்டு என்னைக் குத்துகிறது. (அசல் லண்டனில் இருக்கிறது, நான் பார்த்தது அச்சுப் படந்தான்.)

1896ஆம் வருஷக் கோடையில், பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம், மனைவி மகனோடு அந்த ஏரிக்கரையில் போய்த் தங்கினார். வயது 57. ஊர் அழகு அவருக்குப் பிடிக்கவில்லை. பிரயாணம் போகிற இளம்பெண்களின் ஆல்பத்தில் காண்கிற இயற்கை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் வரையாமல் விடவில்லை.

என்ன வரைந்தார்? இடப்புறம் பருத்த அடிமரம், மேலே கவிந்த கிளை, அக்கரையில் சிறு கோட்டை, அதன் பின்னால் மலை. வானத்துக்கு அதிக இடமில்லை. எங்கும் நீலமும் பச்சையும். மரத்திலும் சுவரிலும் மட்டும் கொஞ்சம் வெயில். தண்ணீரில் விழுந்த பிம்பங்கள்கூட அலையாமல், தூண்களைப் போல் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. குளுமையைத் தேடிப் போகிறவனை உட்காரச் சொல்லாத ஏரி. கட்டடம் கட்டுவதுபோல் எடுத்துக் கட்டியிருக்கிறார்.

என் கோடைக்கானல் ஏரியோ பத்துப் பக்கமும் சிற்றலை வீசிக்கொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் மூடுபனி வேறு.