சுடாத தோட்டா

கடைசிவரை உயிரோடு நிற்பவர் வெல்லும் பேட்டில் ராயல் வகை வீடியோ ஆட்டங்களில் எடுக்கப்படும் முடிவுகளிலேயே அதிகம் வசவு வாங்குவது, எதிரி தெளிவாகக் கண்ணில் பட்டும் சுடாமல் விடுவது. அப்படி ஒரே இடத்தில் பதுங்கிக் காத்திருப்பவருக்கு ‘கேம்பர்’ என்று பெயர். பாராட்டாக யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. போட்டி நேரலையில் நான்கு பேர் கொண்ட ஒரு ஸ்குவாட் மாடிவீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டால் போதும், பக்கத்தில் ஓடும் அரட்டை முழுக்க அந்த ஒரே சொல்தான். பயந்த ஆட்டம், பார்க்கச் சலிப்பான ஆட்டம், துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களின் ஆட்டம் என்று தீர்ப்பும் சுடச்சுட வந்துவிடும். மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை. இந்த வகை ஆட்டத்தின் சுவை பெரும்பாலும் அந்த நான்கு நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஆட்டத்தின் கட்டுமானத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 2017இல் வெளியான பப்ஜியில் 100 பேர் ஆயுதமில்லாமல் பாராசூட்டில் குதிக்கிறார்கள். அதன் எரங்கல் வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அவ்வளவு பெரிய நிலத்தில் 100 பேரைச் சும்மா விட்டால் ஆளுக்கொரு மூலையில் பதுங்கி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகத்தான் சுருங்கும் வட்டம். ஆர்மா என்ற போர் ஆட்டத்துக்குத் தானே எழுதிய மாற்றுப் பதிப்புகளில் பிரெண்டன் கிரீன் இதைச் சோதித்துப் பார்த்து, பிறகு பப்ஜிக்குக் கொண்டுவந்தார். அவரைத் தூண்டியது 2000இல் வந்த ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியப் படம். வட்டத்துக்கு வெளியே நிற்பவரின் உயிர் கரையும். ஆட்டம் முற்ற முற்ற அது கரையும் வேகமும் கூடும். ஆக, பதுங்குவதற்கு உரிய அபராதத்தை வட்டமே வசூலித்துவிடுகிறது. அரட்டைப் பெட்டி தனியாக ஒன்று போடத் தேவையில்லை.

சுடுவதற்கும் விலை உண்டு, ஆனால் அதை யாரும் பேசுவதில்லை. ஒரு தோட்டா கிளம்பினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லோருக்கும் சுட்டவரின் இருப்பிடம் தெரிந்துவிடும். மொபைல் பதிப்பில் சிறு வரைபடத்திலேயே குறி விழும். ஸ்குவாட் ஆட்டத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதல் அடியில் எதிரி சாவதில்லை, ‘நாக்’ ஆகித் தவழ்கிறார். கூட்டாளி ஒருவர் பக்கத்தில் வந்து சில விநாடி குனிந்து உட்கார்ந்தால் மறுபடி எழுந்து நிற்பார். சுட்டவருக்கு அதுவரை புள்ளி கிடையாது. கையில் மிஞ்சுவது, ஊருக்கே தெரிந்துபோன ஒரு வீட்டு விலாசம்.

ஆடுகிறவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நான்காவது வட்டம் விழுந்திருக்கிறது. எரங்கலின் ரோசோக் ஊருக்கு மேற்கே ஒரு மாடிவீடு. மேல் ஜன்னலில் ஒருவர் கார்98 துப்பாக்கியோடு நிற்கிறார். கீழே வயல்வெளியில் இரண்டு பேர் குறுக்கே ஓடுகிறார்கள், அதிக தூரமில்லை. ஒருவர் தலையில் இரண்டாம் நிலை ஹெல்மெட்தான். ஒரு தோட்டா போதும். ஹெட்செட்டில் ஐஜிஎல், அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைவர், குரல் வருகிறது: “அடிக்காத மச்சான், போகட்டும் விடு.” ஜன்னல்காரர் விரலை எடுத்துவிடுகிறார். நேரலையில் பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த ஐஜிஎல் அந்த விநாடியில் போட்ட கணக்கு பெரியது. ஓடுகிறவர்கள் இரண்டு பேர் என்றால் மீதி இரண்டு பேர் எங்கோ நின்று அவர்களுக்குக் காவல் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பின்னால் இருக்கும் மேட்டில். அந்த மேட்டிலிருந்து இந்த ஜன்னல் நேராகத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் தெற்கே ஒரு வண்டி நின்ற சத்தம் கேட்டது, கிளம்பிய சத்தம் கேட்கவில்லை. அங்கே இன்னொரு ஸ்குவாட் இருக்கிறது. வயலில் ஓடுகிறவர்கள் போவதும் அந்தத் திசைதான். வட்டம் நகர இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. இவ்வளவையும் சேர்த்தால் வரும் விடை ஒன்றுதான்: இந்தச் சண்டை எப்படியும் நடக்கப் போகிறது, வேறொருவர் தோட்டாவில் நடக்கட்டும். சற்று நேரத்தில் தெற்கே வெடிச்சத்தம் கிளம்புகிறது, பிறகு புகைக்குண்டு, பிறகு கையெறி குண்டு. அப்போதுதான் மாடிவீட்டின் கதவு திறக்கிறது. களத்தில் ‘தேர்ட் பார்ட்டி’ என்று சொல்லும் இந்த வேலையைப் பார்த்து, மீந்ததைப் பொறுக்குகிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மீதி எப்போது விழும், எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது என்ன சாதாரணத் திறமையா?

புள்ளிக் கணக்கும் இந்த ஐஜிஎல் பக்கம்தான் சாய்கிறது. பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயின் பெரிய போட்டிகளில் 16 ஸ்குவாட், 64 பேர். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாவதற்கு 6, அப்படியே இறங்கி எட்டாவது இடத்துக்கு 1, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு கில்லுக்கு 1 புள்ளி. ஓர் ஆட்டத்தில் விழக்கூடிய கில்கள் அறுபத்துச் சொச்சம். அதை 16ஆல் வகுத்தால் ஒரு ஸ்குவாட்டுக்கு நான்குகூடத் தேறாது. முதலிடம் ஒன்று, சராசரி ஸ்குவாட் ஒன்று இரண்டரை ஆட்டத்தில் அள்ளும் கில்களுக்குச் சமம் என்று ஆகிறது. இறங்கிய இடத்திலேயே சண்டை போட்டு இரண்டு கில்லோடு பதினான்காவது இடத்தில் வெளியேறுபவருக்கு கைத்தட்டல் நிறைய கிடைக்கும், அட்டவணையில் 2 ஏறும்.

பிறகு ஏன் இந்த ஆட்டம் தப்பாகவே படிக்கப்படுகிறது? காரணம் கேமராவில் இருக்கிறது. நேரலை பார்ப்பவருக்குச் சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் உருவமும் கோட்டுருவாகத் தெரியும். எந்த மரத்துக்குப் பின்னால் யார், யாரிடம் எவ்வளவு உயிர் மிச்சம், எல்லாம் திரையில் விரிந்து கிடக்கும். வீரருக்குக் கிடைப்பது படிக்கட்டில் கேட்ட ஒரு காலடிச் சத்தமும் வெடிச்சத்தம் வந்த திசையும் மட்டுமே. எல்லார் கைச் சீட்டையும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு, ரம்மி ஆடுபவரைத் திட்டுவது மாதிரியான காரியம் இது. போதாக்குறைக்கு, ஒளிபரப்பை இயக்குபவர்கள் துப்பாக்கி வெடிக்கும் இடத்துக்குத்தான் தாவுவார்கள். வெடிக்காத துப்பாக்கிக்கு யாரும் மறு ஒளிபரப்புப் போடுவதில்லை. வர்ணனையாளர்கள் வெடிக்குத்தான் குரலை ஏற்றுகிறார்கள். ஐந்து பேர் கடந்து போவதை எண்ணிவிட்டு ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தவரைப் பற்றி அவர்களிடம் ஒரு வரி இருக்காது.

இதற்காக எல்லாப் பதுங்கலுக்கும் பொன்னாடை போர்த்த முடியாது. குளியலறைக்குள் படுத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பவர் உண்மையாகவே பயந்தவர்தான். இரண்டு வகையையும் பிரித்துக் காட்டுவது வட்டத்தின் அடுத்த நகர்வு. பயந்து பதுங்கியவர் வட்டம் நகர்ந்த பிறகு வரைபடத்தைத் திறந்து, எங்கே ஓடுவது என்று தேடுவார். கணக்குப் போட்டுப் பதுங்கியவருக்கு எந்தப் பக்கம் காலி, எந்தப் பக்கம் ஆள் என்பது முன்பே தெரியும். சில சமயம் வண்டியைத் தயாராகத் திருப்பி நிறுத்தியிருப்பார். முதல் வகையைத் திட்டலாம். ஆனால் பட்டியலில் மேலே நிற்பவர்களில் அந்த வகை அநேகமாக இருக்காது.

தமிழ் ரசிகருக்கு இந்தத் தர்க்கம் புதிதாகவும் இருக்கக் கூடாது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு எதையும் வெட்ட முடியாது; வெட்டுவதெல்லாம் புலிதான். ஆனாலும் ஆட்டின் பக்கமும் வெல்லலாம். ஆடு வெல்வது புலிக்கு நகர இடமில்லாமல் அடைத்துவிடுவதால், அதாவது இடம் பிடித்துப் பொறுத்திருப்பதால். கபடியில் எதிரணிக் களத்துக்குப் போய் யாரையும் தொடாமல், முப்பது விநாடியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத் திரும்பி வரும் வெற்று ரெய்டு இருக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணி அதைச் செய்தால் கூட்டம் அதை விவேகம் என்று சொல்லும். தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டுக்குப் பின் மூன்றாவது ‘டூ ஆர் டை’ ஆகிவிடும். பேட்டில் ராயலில் வட்டம் செய்யும் வேலையும் அதேதான். ஒரே விவேகம் ஜன்னலோரம் நின்றால் மட்டும் கோழைத்தனம் ஆகிவிடுகிறது.

வீடியோ கேம் ஏன் இனிக்கிறது என்ற கேள்விக்கு அந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் விடை, ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையருடையது: நல்ல ஆட்டம் என்பது சுவையான முடிவுகளின் தொடர். சுடுவது முடிவு என்ற பெயருக்கு உரியதா என்பதே சந்தேகம். பாதி நேரம் அது விரலின் பழக்கம். சுடாமல் இருப்பதற்குத்தான் ஒவ்வொரு விநாடியும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூளை ஆய்வும் இந்தப் பக்கம் ஒரு தடயம் தருகிறது. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், ஓர் அறிகுறி காட்டிய பின் பழச்சாறு கிடைக்கும் என்று பழகிய குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் சாற்றுக்குத் துடிக்கவில்லை, அறிகுறிக்கே துடித்தன. 2003இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் இன்னும் நுட்பமான ஒரு விஷயம் வந்தது. சாறு கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதிச் சந்தேகமாக இருக்கும்போதுதான், அறிகுறிக்கும் சாற்றுக்கும் நடுவில் உள்ள நேரத்தில் அந்த அணுக்களின் துடிப்பு மிக உயர்ந்து நின்றது. குரங்கிலிருந்து மாடிவீட்டு ஜன்னலுக்குத் தாவுவது கொஞ்சம் நீளமான தாவல்தான். ஆனாலும் படிக்கட்டில் காலடி கேட்டு, அது மேலே வருமா திரும்பிப் போகுமா என்று மூச்சைப் பிடித்த எவரும் அதை மறுக்க மாட்டார்.

புதிய ஆட்டங்களுக்காகக் காத்திருப்பதும் இதே விசையில் ஓடுகிறது. ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ரசிகர்கள் ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். தேதி வந்ததோ வெளியீட்டுக்கு இரண்டே வாரம் முன்பு. 2025 செப்டம்பர் 4 அன்று ஸ்டீம் என்ற இணையக் கடை கூட்டம் தாங்காமல் திணறியது. ‘ஜிடிஏ 6’ முதல் முன்னோட்டத்தை 2023 டிசம்பரில் காட்டி, 2025 என்று சொல்லி, 2026 மே 26க்குப் போய், அங்கிருந்து நவம்பர் 19க்கு நகர்ந்தது. முந்தைய பாகம் 2013இல் வந்தது. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் வசவு குவிகிறது, ஆனால் முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்தி, பின்னால் நிற்கும் பெயர்ப்பலகையைக்கூட ஆராய்கிறவர்களும் அதே வசைபாடிகள்தான். அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காத நிறுவனமும் ஒரு வகைக் கேம்பர்.

அண்மையில் வந்ததிலும் அடுத்து வரப்போவதிலும் இந்த அலசலுக்கு நேராகப் பொருந்துவது எக்ஸ்ட்ராக்ஷன் வகை. உள்ளே போய், கிடைத்ததை அள்ளி, உயிரோடு வெளியேறினால்தான் அள்ளியது சொந்தம். செத்தால் கொண்டுபோனதும் போய்விடும். 2017 முதல் சோதனைப் பதிப்பாகவே ஓடிய ‘எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்’ 2025 நவம்பரில்தான் முழு வெளியீட்டைத் தொட்டது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 30 அன்று, ‘ஆர்க் ரைடர்ஸ்’ வந்தது. அதில் சத்தம் கேட்டால் இயந்திரங்கள் தேடி வரும், எதிரே வரும் அந்நியரிடம் ‘சுடாதே’ என்று சொல்லும் சைகையே ஆட்டத்துக்குள் இருக்கிறது. ‘மாரத்தான்’ 2025 செப்டம்பரில் வரவேண்டியது, 2026 மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. பப்ஜி வீட்டிலிருந்தே ‘பிளாக் பட்ஜெட்’ என்ற பெயரில் ஓர் எக்ஸ்ட்ராக்ஷன் ஆட்டம் தயாராகிறது.

இவற்றில் எது நிலைக்கும் என்பதைவிட எப்படி ஆடப்படும் என்பதைச் சொல்வது சுலபம். முதல் மாதம் எல்லோரும் எல்லோரையும் சுடுவார்கள். இரண்டாம் மாதம் பை காலியாகித் திரும்புவதில் கசப்பு ஏறும். மூன்றாம் மாதத்துக்குள் எதிரியைக் கடந்து போகவிடும் பழக்கம் தானாக வந்துவிடும். இன்றைக்கு மாடிவீட்டு ஜன்னலில் நின்று ஏச்சு வாங்கும் அந்த ஐஜிஎல் அங்கே முதல் நாளிலிருந்தே தேர்ந்தவராக இருப்பார். இந்தியாவில் மொபைலில்தான் கூட்டம் என்பதால், இந்த வகை இங்கே வேர்பிடிப்பது கைபேசியில் நன்றாக ஓடும் ஒரு பதிப்பு வந்த பிறகே நடக்கும். ஒளிபரப்பிலும் ஒரு மாற்றம் வர வாய்ப்பு இருக்கிறது: சுவர் தாண்டிக் காட்டும் கோட்டுருவை அணைத்துவிட்டு, ஒரே வீரரின் கண்ணும் காதுமாக ஓடும் தனித் தடம். அதைச் சோதித்துப் பார்க்கும் முதல் தொடரில் அரட்டைப் பெட்டி கொஞ்சம் அடங்கும்.

வருமானக் கவலையில் அமைப்பாளர்கள் வேறு வழியும் யோசிக்கக்கூடும். கூட்டத்துக்கு வெடிச்சத்தம் வேண்டும் என்று கில்லுக்கான புள்ளியை 2 ஆக்கினால், முதல் வாரம் களம் முழுக்கச் சண்டை மூளும், அரட்டையும் குளிரும். இரண்டாம் வாரத்தில், சண்டை முடிந்து அரை உயிரோடு நிற்பவர்களை எடுப்பதுதான் இரண்டு புள்ளிக்கு மலிவான வழி என்று ஏதாவது ஒரு ஸ்குவாட் கண்டுபிடிக்கும். மூன்றாம் வாரம் அதே மாடிவீட்டில் அதே கதவு சாத்தியிருக்கும், ஒரு வட்டம் கூடுதலாக.